ஜேர்மன் மொழிப் பட்டக்கல்வி

நம் மாணவர் சிலர் இந்நாளில் ஜேர்மன் மொழி கற்கப் பெரிதும் விழைகின்றனர். உறவினர் அந்நாட்டில் வாழ்கின்றமை ஒரு காரணம். தொழிற்பயிற்சியும் உயர்கல்வியும் அங்கே கிடைக்கின்றமை பிறிதொரு காரணம். சில காலம் வகுப்புக்குச் சென்று, பரீட்சை எழுதிச் சான்றிதழ் பெற்ற பின்னர் அவர்களுட் சிலர் எம்மை அணுகி, “ஐயா, இந்த மொழியையே பல்கலைக்கழகத்தில் பட்டத்துக்குப் படிக்கலாமாம். பேசவும் எழுதவும் வந்துவிட்டால், மூன்று வருடம் இருந்து படிக்க அதில் என்ன இருக்கிறது?” என்று வினவுவதுண்டு.

தமிழாசிரியராகிய எம்மிடம் இவ்வினா வருதல் சிலர்க்கு வியப்பாகத் தோன்றலாம். ஆயின், இதே வினாவைத் தமிழைக் குறித்தும் நாம் கேட்டிருக்கின்றோம் அல்லமோ? ‘தமிழ் நமக்குத் தெரிந்த மொழிதானே, அதைப் பட்டத்திற்குக் கற்பானேன்?’ என்பார் இன்றும் உளர். இரண்டு வினாக்களுக்கும் விடை ஒன்றே. ஜேர்மன் மக்கள் தம் மொழியைப் பல்கலைக்கழகக் கல்வியாக எவ்வாறு அமைத்தனர், அக்கல்வி எங்கே வழுக்கிற்று, பின்னர் எவ்வாறு எழுந்தது என்பவற்றை அறிந்தால் அவ்விடை தானே புலப்படும். அவற்றை ஈண்டுச் சுருங்கக் கூற முற்படுகின்றோம்.

கல்வியின் தோற்றம்

ஜேர்மன் மொழியையும் இலக்கியத்தையும் ஆராயும் கல்விக்கு அந்நாட்டவர் ‘ஜெர்மானிஸ்டிக்’ என்று பெயரிட்டுள்ளனர். இது மிகப் பழைய கல்வியன்று. ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களிலே நெடுங்காலம் இலத்தீனும் கிரேக்கமுமே ஆராய்ச்சிக்குரிய மொழிகளாக மதிக்கப்பட்டன. தாய்மொழி வீட்டிற்கும் சந்தைக்கும் உரியது என்றே கருதப்பட்டது. 1810ஆம் ஆண்டில் பேர்லினிலே புதிய பல்கலைக்கழகம் தோன்றியபோது, பிரீட்ரிக் ஹைன்ரிக் பொன் டெர் ஹாகன் என்பார் ஜேர்மன் மொழிக்குப் பேராசிரியராக அமர்த்தப்பட்டார். அக்காலத்தில் ஜேர்மனி ஒரு நாடாக இருக்கவில்லை. பல சிற்றரசுகளாகப் பிரிந்து கிடந்தது. நெப்போலியனின் படைகள் அவற்றை வென்றிருந்தன. அரசியலால் ஒன்றுபட இயலாத மக்கள், மொழியால் தாம் ஒருவர் என்பதைக் காண விழைந்த காலம் அது.

அவ்விழைவுக்கு அறிவின் உருவம் கொடுத்தோர் யாக்கோப் கிறிம், வில்லெம் கிறிம் என்னும் உடன்பிறந்தார் இருவர். 1812ஆம் ஆண்டில் அவர்கள் வெளியிட்ட நாட்டுப்புறக் கதைத் தொகுதியை உலகம் அறியும். சிறுவர் கதை தந்தோர் என்றே நம்மவர் அவர்களை அறிவர். அவர்களின் பெரும்பணி வேறு. 1819ஆம் ஆண்டில் யாக்கோப் கிறிம் ‘ஜேர்மன் இலக்கணம்’ என்னும் நூலின் முதற்பாகத்தை வெளியிட்டார். 1822ஆம் ஆண்டில் அதன் திருத்திய பதிப்பிலே ஒலிமாற்ற விதிகளைத் தெளிவுபடுத்தினார்.

அவ்விதிகளை நம் மாணவர் தாம் அறிந்த ஆங்கிலச் சொற்களைக் கொண்டே உணரலாம். ஆங்கிலத்தில் ‘வாட்டர்’ என்பது ஜேர்மனில் ‘வஸ்ஸர்’. ‘பெட்டர்’ என்பது ‘பெஸ்ஸர்’. ஆங்கிலச் சொல்லின் இடையில் வரும் டகரவொலி இங்கே ஸகரவொலியாயிற்று. அதே ஒலி சொல்லின் முதலில் நின்றால், ‘டென்’ என்பது ‘ட்சேன்’ ஆகும். ‘டூ’ என்பது ‘ட்ஸ்வை’ ஆகும். சொற்கள் மனம்போனவாறு திரிவதில்லை. இடம் நோக்கி, ஒழுங்கு பற்றியே திரிகின்றன. இவ்வுண்மை நிலைபெற்றபோது மொழியாராய்ச்சி ஊகத்தினின்றும் நீங்கி அறிவியலின் பாற்பட்டது.

1837ஆம் ஆண்டில் ஹனோவர் மன்னன் தன் நாட்டு அரசியலமைப்பை நீக்கினான். கெற்றிங்கன் பல்கலைக்கழகப் பேராசிரியர் எழுவர் அதனை எதிர்த்துக் கையொப்பமிட்டனர்; எழுவரும் பதவி இழந்தனர். கிறிம் சகோதரர் இருவரும் அவ்வெழுவருள் அடங்குவர். யாக்கோப் நாட்டை விட்டே வெளியேற்றப்பட்டார். வேலையிழந்த அந்நிலையிலே, 1838ஆம் ஆண்டில், அவர்கள் ஜேர்மன் பேரகராதியைத் தொடங்கினர். முதற்றொகுதி 1854இல் வெளிவந்தது. 1863இல் யாக்கோப் இறந்தபோது ‘ஃப்ருக்ட்’, அதாவது கனி, என்னும் சொல்லளவிலே வேலை நின்றது. பின்வந்தோர் அதனைத் தொடர்ந்தனர். இரண்டாம் உலகப் போரின் பின் நாடு இரண்டாகப் பிளவுண்ட காலத்தும் கிழக்குப் பேர்லினிலும் மேற்கிலே கெற்றிங்கனிலும் இருந்த அறிஞர் அவ்வேலையைப் பங்கிட்டுச் செய்தனர். 32 தொகுதிகளாக அது நிறைவெய்திய ஆண்டு 1961. பேர்லின் நகரின் நடுவே மதில் எழுந்த ஆண்டும் அதுவே.

பட்டத்திற்கு என்ன கற்பர்?

இன்று ஜேர்மன் பல்கலைக்கழகங்களிலே இக்கல்வி பொதுவாக மூன்று பிரிவுகளாக அமைந்துள்ளது. மொழியியல் ஒன்று, ஏறத்தாழ 8ஆம் நூற்றாண்டு முதல் 15ஆம் நூற்றாண்டு வரையுள்ள பழைய மொழியும் இலக்கியமும் ஒன்று, அதன் பின்னர்த் தோன்றிய இலக்கியம் ஒன்று. கலைமாணிப் பட்டம் பெரும்பாலும் ஆறு அரையாண்டுகளுக்கு உரியது. மொத்தம் 180 புள்ளிகள். ஒரு புள்ளிக்கு 25 முதல் 30 மணி நேர உழைப்பு வேண்டும். விரிவுரை கேட்டுக் குறிப்பெடுத்துத் தேர்வெழுதினால் மட்டும் போதாது. சிறு குழுவாக அமர்ந்து ஒரு நூலை வரிவரியாக ஆராயும் கருத்தரங்குகளே இக்கல்வியின் உயிர். விடுமுறை எனப்படும் காலத்தில் மாணவர் நூலகத்திலிருந்து ஆய்வுக் கட்டுரை எழுதுவர். ‘ஆசிரியர் கூறினார்’ என்பது அங்கே சான்றாகாது. நூலிலே எங்கே உள்ளது, மறுத்துரைத்தோர் யாவர் என்று காட்டுதல் வேண்டும்.

மொழியியற் பிரிவிலே தமிழ் மாணவனுக்கு ஒரு நன்மை உண்டு. எட்டு வேற்றுமை கற்றவனுக்கு ஜேர்மனின் நான்கு வேற்றுமைகள் அச்சந்தரா. நம் எழுவாய் வேற்றுமை, இரண்டாம் வேற்றுமை, நான்காம் வேற்றுமை, ஆறாம் வேற்றுமை ஆகியவற்றோடு அவை பெரும்பாலும் ஒத்து நிற்கின்றன. நாம் பெயரின் ஈற்றில் உருபு சேர்க்கின்றோம். அவர்களோ பெயரின் முன்நிற்கும் சுட்டுச் சொல்லைப் பெரிதும் திரித்து வேற்றுமை காட்டுவர். சார்பு வாக்கியத்திலே வினை இறுதிக்குச் செல்லும். ஆங்கிலேயனுக்கு இடர் தரும் அவ்வமைப்பு நமக்குப் பழகியதே. பெயரோடு பெயர் தொடர்ந்து நீண்ட ஒரு சொல்லாகும் முறையையும் நம் தொகைநிலைத் தொடரறிவு எளிதாக்கும். ‘நீ’, ‘நீங்கள்’ என்னும் வேறுபாடும் அங்கே உண்டு.

இடர்ப்பாடு பாலிலே உள்ளது. நமக்குத் திணையும் பாலும் பொருள் பற்றி வருவன. ஜேர்மனிலோ மேசைமேல் இருக்கும் கரண்டி ஆண்பால், முள்ளுக்கரண்டி பெண்பால், கத்தி இரண்டுமல்லாத பால். சிறுமியைக் குறிக்கும் ‘மெட்சென்’ என்னும் சொல்லும் இரண்டுமல்லாத பாலே. சிறுமை குறிக்கும் அதன் விகுதி அப்பாலை வேண்டி நிற்பதே காரணம். உயர்திணை அஃறிணைப் பாகுபாட்டை இயற்கையானது என்றே நாம் எண்ணியிருந்தோம். பிறமொழியொன்றின் வேறான பாகுபாட்டைக் கண்ட பின்னரே, நம்முடையதும் உலகை நோக்கும் முறைகளுள் ஒன்று என்பது தெளிவாகின்றது. எம் வகுப்பிலே தொல்காப்பியத் திணை இலக்கணத்தைக் கற்பிக்குமிடத்து, இவ்வொப்புமை மாணவரை நிமிர்ந்து அமரச் செய்வதைக் கண்டிருக்கின்றோம்.

இலக்கியப் பிரிவின் பரப்புப் பெரிது. 1200ஆம் ஆண்டளவில் எழுந்த ‘நீபெலுங்கர் பாடல்’ என்னும் காப்பியத்தை இன்றைய ஜேர்மானியரும் பயிற்சியின்றிப் படித்துணர இயலாது. மாட்டின் லூதர் 1522இல் புதிய ஏற்பாட்டையும் 1534இல் விவிலியம் முழுவதையும் மொழிபெயர்த்து வெளியிட்டமை பொதுவான எழுத்துமொழி உருவாவதற்குப் பெருந்துணை புரிந்தது. கேத்தேயின் ‘பவுஸ்ட்’ நாடகத்தின் முதற்பாகம் 1808இலும், இரண்டாம் பாகம் அவர் இறந்த 1832இலும் வெளிவந்தன. இவ்விலக்கியம் ஒரு நாட்டின் எல்லைக்குள் அடங்குவதுமன்று. கவ்கா பிராக் நகரத்து யூதர், யெலினெக் ஆஸ்திரியர், 2009இல் நோபெல் பரிசு பெற்ற ஹெர்த்தா முல்லர் உருமேனியாவிற் பிறந்தவர். துருக்கியிற் பிறந்து, வளர்ந்த பின்னர் ஜேர்மன் கற்று, அம்மொழியிலே எழுதிய எமினே செவ்கி எஸ்டமார் என்னும் பெண்மணி 2022இல் அந்நாட்டின் உயரிய இலக்கியப் பரிசாகிய பூக்னர் பரிசைப் பெற்றார். 1980களில் நம் நாட்டினின்றும் அங்கே புகலிடந்தேடிச் சென்ற தமிழரின் மக்கள், அம்மொழியிலேயே பள்ளிக்கல்வி பெற்று வளர்ந்துள்ளனர். அவர்களுக்கும் அவ்விலக்கியம் அயலார் உடைமையன்று.

இருண்ட காலம்

இனி, இக்கல்வியின் வரலாற்றில் வருந்தத்தக்கதாயினும் மறைக்கத்தகாத ஒரு பகுதியைக் கூறுதல் வேண்டும்.

மொழிப்பற்றிலே பிறந்த இக்கல்வி, நூறாண்டு செல்வதற்குள் இனச்செருக்கின் ஊழியனாயிற்று. ‘எம் மொழி தொன்மையானது’ என்ற பெருமை, ‘எம் இரத்தம் தூயது’ என்ற பொய்யோடு கலந்தது. 1933ஆம் ஆண்டு நாசிகள் ஆட்சிக்கு வந்தபோது யூத வழியினரான ஆசிரியர் பலர் பதவி நீக்கப்பட்டனர்; எஞ்சிய பேராசிரியருட் பெரும்பாலோர் வாய்திறந்திலர்; சிலர் முன்னின்று வாழ்த்தினர். அவ்வாண்டு மே மாதம் 10ஆம் நாள் பல்கலைக்கழக நகரங்கள் பலவற்றில் மாணவர் தீ மூட்டி நூல்களை எரித்தனர். பொன் நகரில் அத்தீயின் முன் நின்று உரையாற்றியவர்களுள் ஹன்ஸ் நவுமான் என்னும் ஜேர்மன் மொழிப் பேராசிரியரும் ஒருவர். நூலைக் காப்பதற்கென்று அமர்த்தப்பட்டவரே நூலெரிப்பை வாழ்த்தினார் என்றால், அதனினும் பெரிய வீழ்ச்சி யாது?

பேர்லின் நகரத்துத் தீயின் முன் பேசியவர் அமைச்சர் கோயபெல்ஸ். அவர் 1921இல் ஹைடல்பேர்க் நகரிலே ஜேர்மன் இலக்கியத்தில் ஆய்வு முடித்துக் கலாநிதியானவர். அவ்வாய்வை நெறிப்படுத்தியவர் யூத வழியில் வந்த ஒரு பேராசிரியர். அன்று அக்கூட்டத்தில் நின்று தம் நூல்கள் எரிவதைத் தம் கண்ணாற் கண்டவர் எரிக் கெஸ்ற்னர் என்னும் எழுத்தாளர். அவரும் 1925இல் லைப்சிக் நகரிலே அதே துறையிற் கலாநிதியானவர். ஒரே கல்வி இருவரையும் பயந்தது. ஆதலால், கல்வி தன்னளவிலே மனிதனைக் காக்கும் என்று நாம் எண்ணியிருத்தல் ஆகாது.

மொழி எவ்வாறு நஞ்சூட்டப்பட்டது என்பதைக் குறித்து வைத்தவர் விக்டர் கிளெம்பெரர் என்னும் அறிஞர். டிரெஸ்டன் நகரிலே பிரெஞ்சு முதலிய மொழிகளுக்குப் பேராசிரியராக இருந்த அவர், யூதக் குடும்பத்திற் பிறந்தமையால் 1935இல் பதவி இழந்தார். நூலகம் அடைக்கப்பட்டது, வீடு பறிக்கப்பட்டது, தொழிற்சாலையிலே கட்டாய வேலை செய்தார். அந்நிலையிலும் நாள்தோறும் காதில் விழுந்த சொற்களை மறைவாக எழுதி வைத்தார். 1947இல் அவை ஆராய்ச்சி நூலாக வெளிவந்தன. மூடவெறியைக் குறித்த ‘ஃபனாட்டிஷ்’ என்னும் சொல் அவ்வாட்சியிலே வீரத்தையும் பற்றுறுதியையும் புகழும் சொல்லாக மாறியதை அவர் எடுத்துக் காட்டினார். பழிச்சொல் புகழ்ச்சொல்லாகும்போது மக்கள் மனமும் உடன் மாறுகின்றது. சொற்பொருள் காப்பவன் மொழியாசிரியன் என்பார்க்கு இதனினும் சிறந்த பாடம் உண்டோ?

போரின் பின்னும் நெடுநாள் இத்துறை வாளாவிருந்தது. பழைய பேராசிரியர் பலர் மீண்டும் ஆசனத்தில் அமர்ந்தனர். 1966ஆம் ஆண்டு மியூனிக் நகரிலே நிகழ்ந்த ஜேர்மன் மொழியறிஞர் மாநாட்டிலேதான் இத்துறையின் தேசியவாதக் குற்றம் வெளிப்படையாகப் பேசப்பட்டது. அங்கே நிகழ்ந்த உரைகள் அடுத்த ஆண்டு நூலாக வெளிவந்தன. எனினும் மறைவுகள் யாவும் அன்றோடு நீங்கிவிடவில்லை. ஆஃகன் நகரிலே பேராசிரியராகவும், 1970 முதல் 1973 வரை உயர்கல்விக்கூடத் தலைவராகவும் விளங்கிய ஹன்ஸ் ஷ்வெர்ட்டே என்பார், உண்மையிலே ஷ்னைடர் என்னும் பெயருடைய முன்னாள் நாசிப் படை அதிகாரி என்பது 1995இலேதான் வெளிப்பட்டது.

இன்று இத்துறையிற் புகும் மாணவன் இவ்வரலாற்றையும் கற்கின்றான். தம் துறை செய்த தீமையைத் தம் மாணவர்க்கே கற்பித்தல் எளிதான செயலன்று. அக்கல்வியின் மாட்சி அதிலேயே உளது என்பது எம் கருத்து. யூதன், முஸ்லிம், கிறித்தவன் மூவரையும் ஒரு குடும்பத்தவராக இணைத்துக் காட்டும் லெஸ்ஸிங்கின் ‘அறிஞன் நாத்தான்’ என்னும் நாடகம் 1779இல் எழுந்தது. நாசிகள் ஆண்ட காலத்தில் அது ஜேர்மனியின் பொது அரங்குகளில் மேடையேறவில்லை. போர் ஓய்ந்த பின் 1945ஆம் ஆண்டு செப்டம்பரில், இடிபாடுகளின் நடுவே பேர்லின் ஜேர்மன் நாடக அரங்கு மீளத் திறந்தபோது முதலில் மேடையேறியது அந்நாடகமே.

நம்மோடுள்ள தொடர்பு

ஜேர்மானியர் தமிழ் கற்ற வரலாறு முந்நூறாண்டு கடந்தது. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்க் என்னும் பாதிரியார் எழுதிய தமிழிலக்கணம் 1716இல் ஹல்லே நகரிலே இலத்தீனில் அச்சாயிற்று. தென்னாட்டுத் தெய்வங்களைப் பற்றி அவர் 1713இல் எழுதிய நூலையோ, அங்கிருந்த மேலோர் அச்சிட விரும்பவில்லை. சமயம் பரப்பச் சென்றவர் அயற்சமயத்தை விளக்குவதா என்று அவர்கள் எண்ணினர். அந்நூல் 1867 வரை அச்சேறாது கிடந்தது. லைப்சிக் மிசனின் தலைவராக இருந்த கார்ல் கிரவுல், 1849 முதல் 1853 வரை பயணஞ்செய்து தமிழ் பயின்று, திருக்குறளை ஜேர்மனில் மொழிபெயர்த்து 1856இல் வெளியிட்டார். அவர்கள் வந்த நோக்கம் நம் நோக்கமன்று. எனினும், பிறர் மொழியை உள்ளவாறு அறிய முயன்ற அவர்தம் உழைப்பை மறுத்தல் அறமாகாது. நம் அண்டை மொழியாகிய சிங்களத்தின் வரலாற்றிலக்கணத்தையும் மகாவம்சத்தின் செம்பதிப்பையும் தந்த வில்லெம் கைகரும் ஜேர்மானியரே.

மாணவர்க்குச் சில கூற்றுகள்

இக்கல்வியை விழையும் மாணவர் சில நடைமுறைகளை அறிந்திருத்தல் நன்று. வகுப்புகளிலே மொழித்திறன் ஏ1 முதல் சி2 வரை ஆறு படிகளாக வகுக்கப்பட்டுள்ளது. ஜேர்மன் இலக்கியப் பட்டத்திற்குப் பெரும்பாலும் சி1 அளவான திறன் வேண்டும். ஆகவே நம்மவர் பலர் படிப்பு முடிந்தது என்று நிறுத்தும் இடத்திற்கும் அப்பாலேதான் பட்டக்கல்வி தொடங்குகின்றது. நம் நாட்டு உயர்தரச் சான்றிதழ் நேரே ஏற்கப்படுமா, ஆயத்த வகுப்பு வேண்டுமா என்பதைச் சேரவிருக்கும் பல்கலைக்கழகத்திடமே கேட்டறிதல் வேண்டும். அரச பல்கலைக்கழகங்களிற் பெரும்பாலும் கற்பித்தற் கட்டணம் இல்லை. எனினும் பாடன்-வூட்டெம்பேர்க் மாநிலம் 2017 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருவோரிடம் அரையாண்டுக்கு 1,500 யூரோ அறவிடத் தொடங்கியது. வாழ்க்கைச் செலவுக்கெனக் காட்ட வேண்டிய தொகை 2024 செப்டம்பரில் ஆண்டுக்கு 11,904 யூரோவாக உயர்த்தப்பட்டது. இது காலந்தோறும் மாறும். நாட்டை விட்டுச் செல்ல இயலாதார், உயர்தர வகுப்பிலும் களனிப் பல்கலைக்கழகத்திலும் ஜேர்மன் ஒரு பாடமாக உள்ளதை அறிக.

பெற்றோர் கேட்பது தொழில் பற்றி. மருத்துவம், பொறியியல் போல இப்பட்டம் ஒரு குறித்த பதவிக்கு வாயிலாகாது. அங்கே ஆசிரியராக விரும்புவோர் இரண்டு பாடங்கள் கற்று, பட்டத்தின் பின் பள்ளிப் பயிற்சியும் முடித்தல் வேண்டும். மொழிபெயர்ப்புக்குத் தனிக்கல்வி உண்டு. வெளியூர் செல்வதற்கு ஒரு வாயிலென்று மட்டும் கருதி இதனுட் புகுவோர் முதலாண்டிலேயே மனந்தளர்வர். சொல்லையும் நூலையும் நேசிப்போர்க்கே இது தகும். அவர்களுக்கும் இன்னொரு கைத்தொழிலோ பாடமோ துணையாக இருத்தல் நல்லது.

மூன்று வருடம் இருந்து படிக்க என்ன இருக்கிறது என்ற வினாவுக்கு இப்பொழுது விடை கூறலாம். ஒரு மொழியைப் பேசக் கற்றவன் அம்மக்களோடு உரையாடுவான். அதனைப் பட்டத்திற்குக் கற்றவன், அம்மக்கள் தம்மோடு தாமே நிகழ்த்திய உரையாடலை உணர்வான். அவர்கள் எதைப் போற்றினர், எதை எரித்தனர், எதற்கு நாணினர் என்பதையெல்லாம் அறிவான். அறிந்தபின் தன் மொழிக்கும் அதே உரைகல்லை எடுத்து வருவான். தமிழைத் தொன்மையானது, இனியது என்று போற்றுவோர் நம்மிடையே குறைவிலர், போற்றுதல் தவறுமன்று. அப்போற்றுதலோடு, எச்சொல்லை எவர்மேல் எறிகின்றோம், எந்நூலைப் படியாது விடுகின்றோம், எக்கூற்றுக்குச் சான்று காட்டுகின்றோம் என்று வினவும் பழக்கமும் வேண்டும். மொழிப்பற்றைக் காக்கும் வேலி அவ்வினாவே. வேலியற்ற பயிருக்கு நேர்ந்ததை ஜேர்மன் வரலாறு காட்டிற்று.

இவ்விழா மலரைக் கையிலேந்தும் மாணவருள் ஒருவரேனும் இக்கல்வியிற் புகுந்து, கேத்தேயையும் கவ்காவையும் அவர்தம் மொழியிலே கற்று, கற்றதைத் தமிழிலே நமக்கு எடுத்துரைப்பாராயின் அது நம் கல்லூரிக்கும் தமிழுக்கும் ஒருங்கே ஆக்கமாம். அத்தகையோர் பலர் தோன்றுக என வாழ்த்துகின்றோம்.